தெருச் சீரமைப்புத் திட்டம் வருகிறது: ஆதரிப்பதா, எதிர்ப்பதா, திருத்தம் கேட்பதா, சோதித்துப் பார்ப்பதா?

தெருவைச் சீரமைக்கப் போகிறோம் என்று மாநகராட்சி அறிவித்த சில நாட்களிலேயே தெரு இரண்டாகப் பிரிந்துவிடும். நடைபாதை அகலமாகும், மரம் வரும், பிள்ளைகள் பயமில்லாமல் நடக்கலாம் என்று ஒரு பக்கம். வண்டி நிறுத்த இடம் போகும், வியாபாரம் படுத்துவிடும், பக்கத்துத் தெருவில் நெரிசல் கூடும் என்று இன்னொரு பக்கம். இரண்டு தரப்பும் கையெழுத்து வாங்க வீடு தேடி வரும். ஆனால் உண்மையில் எண்ணிக்கையில் அதிகம் நடுவில் நிற்பவர்கள்தான். "இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது, நான் எதில் கையெழுத்துப் போடுவது?" என்று கேட்கிறவர்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

உங்கள் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். திட்டத்தை அப்படியே ஆதரிக்கலாம். வேண்டாம் என்று எதிர்த்து நிறுத்தலாம். இன்னின்னதை மாற்றினால் சம்மதம் என்று திருத்தம் கேட்கலாம். முதலில் தற்காலிகமாகச் செய்து பாருங்கள், பிறகு முடிவெடுப்போம் என்று சோதனை கேட்கலாம். என் சாய்வு நான்காவது வழிப் பக்கம், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அது எல்லாத் தெருவுக்கும் பொருந்தாது. சில தெருக்களில் சோதனை கேட்பது தவறாகவே போய் முடியும். அதனால் ஒவ்வொன்றையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

## முதலில் அளவுகோல்கள்

உயிர். இதை மற்றவற்றோடு சமமாக வைக்க எனக்கு மனம் வரவில்லை, முதலிடத்தில் வைக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சாலை விபத்துகளில் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நடந்து போகிறவர்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்கள், இருசக்கர வண்டியில் போகிறவர்கள். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர் போகும் விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. அதனால் திட்ட வரைபடத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்தத் தெருவில் வண்டிகளின் வேகம் குறையுமா, கூடுமா?" என்பதுதான். பளபளவென்று தார் போட்டு, வளைவுகளை நேராக்கி, அகலப்படுத்தினால் அதற்கும் 'சீரமைப்பு' என்றுதான் பெயர். ஆனால் அந்தத் தெருவில் வேகம் கூடும்.

பிழைப்பு. கடைக்காரர்கள், தெருவோர வியாபாரிகள், வாடகைக்கு இருப்பவர்கள், சரக்கு இறக்குபவர்கள். வேலை நடக்கும் மாதங்களில் என்ன ஆகும், முடிந்த பிறகு என்ன ஆகும் என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலான சண்டைகளில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

வாசல் வரை வந்து சேர்வது. நான் போயிருந்த ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்தில் வரைபடத்தை ஒரு நீள மேசையில் விரித்து வைத்திருந்தார்கள். அரை மணி நேரம் திரையில் அழகான படங்கள் ஓடின. முடிந்ததும் ஒரு பாட்டி கைத்தடியை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, வரைபடத்தின் மேல் விரலை வைத்து, "இதில் என் வீட்டு வாசல் எது?" என்று கேட்டார். அங்கிருந்த யாராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வாசலில் இறங்கினால் நடைபாதை எத்தனை அங்குல உயரத்தில் இருக்கும், கால் வைக்க முடியுமா. சக்கர நாற்காலி, ஆம்புலன்ஸ், கியாஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் எல்லாரும் இந்த அளவுகோலில் வருவார்கள்.

திரும்ப மாற்ற முடியுமா. பெயின்ட் அடித்த கோட்டை ஒரு நாளில் அழிக்கலாம். கருங்கல் பதித்த நடைபாதையை அடுத்த இருபது வருடம் யாரும் தொட மாட்டார்கள். திட்டம் தப்பாகப் போனால் திருத்த என்ன வழி என்பதை முன்கூட்டியே கேட்க வேண்டும்.

உங்கள் நேரம், அக்கம்பக்க உறவு. இதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஒவ்வொரு வழிக்கும் எத்தனை மாலைப்பொழுதுகள் போகும், எத்தனை பேரோடு முகம் கொடுத்துப் பேச முடியாமல் போகும் என்பதும் செலவுதான். திட்டம் முடிந்த பிறகும் அதே மனிதர்களோடுதான் அந்தத் தெருவில் இருக்கப் போகிறோம்.

## வழி ஒன்று: அப்படியே ஆதரிப்பது

இது சோம்பேறி வழி என்று நினைக்க வேண்டாம். சில நேரம் இதுதான் மிகச் சரியான வழி. பள்ளி வாசலில் சாலையைக் கடக்க மேடான குறுக்குப்பாதை, வேகம் குறைக்கும் வளைவு, தெருவிளக்கு என்று குறிப்பான பாதுகாப்பு வேலையாக இருந்தால் நீட்டி முழக்கிப் பேசிக்கொண்டிருப்பதே ஆபத்து. நெதர்லாந்தில் 1971-ல் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள், அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். அங்கே பெற்றோர்கள் வீதிக்கு வந்து கேட்டதே தெருக்களை மாற்றச் சொல்லித்தான். டெல்ஃப்ட் நகரில் குடியிருப்பவர்கள் தங்கள் தெருவில் வண்டிகளின் வேகத்தைக் குறைக்கத் தாங்களே முன்கை எடுத்தார்கள். வண்டியும் குழந்தையும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் அந்தத் தெரு அமைப்புக்கு 'வூனெர்ஃப்' என்று பெயர். 1976-ல் அதற்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. திட்டம் இப்படித் தெருக்காரர்களிடமிருந்தே பிறந்திருந்தால், தயங்காமல் ஆதரியுங்கள்.

சிக்கல் எங்கே வருகிறது? அழகான படங்களைப் பார்த்து ஆதரிக்கும்போது. நடைபாதைக்கும் சாலைக்கும் மட்ட வித்தியாசமே இல்லாமல், எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துப் போகட்டும் என்று வடிவமைக்கும் 'பகிர்வுத் தெரு' முறை இதற்கு நல்ல உதாரணம். நெதர்லாந்தின் டிராக்டனில் போக்குவரத்துப் பொறியாளர் ஹான்ஸ் மாண்டர்மேன் செய்து காட்டியதும் உலகமெங்கும் பேசப்பட்டது. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் பார்வையற்ற ஒருவர் யாருடைய கண்ணைப் பார்த்துச் சாலையைக் கடப்பார்? கைத்தடியால் தட்டிப் பார்த்து நடப்பவருக்கு நடைபாதை விளிம்புதான் வழிகாட்டி, அதை எடுத்துவிட்டால் எங்கே தெரு தொடங்குகிறது என்றே தெரியாது. லண்டனில் எக்சிபிஷன் ரோடு இந்த முறையில் மாற்றப்பட்டபோது பார்வையற்றோர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. கடைசியில் 2018-ல் பிரிட்டன் அரசு, மட்ட வித்தியாசமில்லாத பகிர்வுத் தெருத் திட்டங்களை நிறுத்தி வைக்கும்படி உள்ளாட்சி அமைப்புகளைக் கேட்டுக்கொண்டது. அதற்குள் பல தெருக்கள் கல் பதித்து முடிந்துவிட்டன.

அப்படியே ஆதரிப்பதன் மறைந்த செலவு இதுதான். வரைபடத்தில் இருந்த தப்பு, கல்லில் இறங்கிய பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும்.

## வழி இரண்டு: எதிர்த்து நிறுத்துவது

மக்கள் எதிர்த்து நின்றதால் தப்பித்த தெருக்கள் உண்டு, அதை மறக்கக் கூடாது. சான்பிரான்சிஸ்கோவில் வீடுகளையும் பூங்காக்களையும் கிழித்துக்கொண்டு போகவிருந்த அதிவேகச் சாலைகளுக்கு எதிராகக் குடியிருப்பவர்கள் திரண்டார்கள். 1959-ல் நகர மன்றம், திட்டமிட்டிருந்த பத்து சாலைகளில் ஏழை ரத்து செய்தது. நியூயார்க்கில் நகரத் திட்டங்களைக் கையில் வைத்திருந்த அதிகாரி ராபர்ட் மோசஸ், வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் நடுவே சாலை போட நினைத்தபோது ஷெர்லி ஹேய்ஸ் என்ற தாய் தொடங்கிய எதிர்ப்பு வருடக்கணக்கில் நடந்தது. பூங்காவுக்குள் சாலையே வேண்டாம் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. 1958-ல் பூங்காவை வண்டிகளுக்குச் சோதனையாக மூடிப் பார்த்தார்கள், மறு வருடம் அதுவே நிரந்தரமானது. எதிர்ப்பாகத் தொடங்கியது சோதனை வழியாகத்தான் வென்றது என்பதைக் கவனியுங்கள்.

வீடு இடிபடப் போகிறது, வளர்ந்த மரங்கள் மொத்தமாக வெட்டப்படப் போகின்றன, தெரு விரைவுச்சாலையாக மாறப் போகிறது, தெருவோர வியாபாரிகள் மாற்று இடம் இல்லாமல் வெளியேற்றப்படுவார்கள் என்றால் எதிர்ப்பே நியாயமான வழி. இவை நடந்துவிட்டால் பின்வாங்க முடியாது. திருத்தம் கேட்டுக்கொண்டிருக்க அங்கே நேரமும் இல்லை.

ஆனால் 'இப்போது இருப்பது போலவே இருக்கட்டும்' என்பதற்கும் ஒரு விலை உண்டு. அது வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். இப்போதைய தெருவில் யாராவது அடிபட்டுக்கொண்டிருந்தால், நீங்கள் ஜெயித்த பிறகும் அடிபடுவார்கள். அப்புறம், திட்டத்துக்கு ஒதுக்கிய பணம் உங்கள் தெருவுக்கே வேறு விதமாக வரும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அது வேறு பகுதிக்குப் போய்விடும், உங்கள் வடிகால் பழுது அப்படியே கிடக்கும்.

வழக்கு என்று போனால் வருடங்கள் கரையும். புரூக்ளினில் புராஸ்பெக்ட் பார்க் வெஸ்ட் சாலையில் 2010-ல் சைக்கிள் பாதை போட்டார்கள். 2011-ல் சில குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். மேல்முறையீடு அது இது என்று இழுத்து, 2016-ல் அவர்களே கைவிட்டார்கள். பாதை அங்கேயே இருந்தது. ஐந்து வருடம் ஒரே தெருவில் இரு தரப்பாக வாழ்வது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கடைக்காரர்களின் எதிர்ப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் பயம் உண்மையானது, அதை லேசாகப் பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். மாதக் கடைசியில் வாடகை கட்ட வேண்டியவர் அவர்தானே. ஆனால் பயத்தின் அடிப்படை சரியா என்று பார்த்துக்கொள்வது அவர்களுக்கே நல்லது. பிரிட்டனில் பிரிஸ்டல் நகரக் கடைத்தெருக்களில் 2006-ல் ஓர் ஆய்வு நடந்தது. உங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று கடைக்காரர்களைக் கேட்டபோது 41 சதவீதம் என்றார்கள். வாடிக்கையாளர்களையே கேட்டுப் பார்த்தால் 22 சதவீதம். காரில் வந்தவர் இடம் கிடைக்கவில்லை என்று கடைக்குள் வந்து புலம்புவார், நடந்து வந்தவர் பேசாமல் வாங்கிக்கொண்டு போவார். புலம்பல்தானே மனதில் நிற்கும்? எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு வாரம் வாடிக்கையாளர்களைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் கடைக்கு உண்மையிலேயே காரில்தான் வருகிறார்கள் என்று தெரிந்தால் உங்கள் வாதம் இன்னும் பலமாகும்.

## வழி மூன்று: திருத்தம் கேட்பது

மண்ணுக்கடியில் வேலை இருக்கும் தெருக்களுக்கு இதுதான் வழி. கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால், மின்கேபிள் எல்லாம் மாற்றுகிறார்கள் என்றால் தெருவைத் தோண்டித்தான் ஆக வேண்டும். அதைச் 'சோதித்துப்' பார்க்க முடியாது. தோண்டியதை எப்படி மூடுகிறார்கள் என்பதில்தான் உங்கள் குரல் இருக்க வேண்டும்.

இந்த வழியில் போகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, பொதுவாகப் பேசுவது. "முதியவர்களைக் கவனத்தில் கொள்ள வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் "கொள்கிறோம்" என்று பதில் வரும், அத்தோடு முடிந்தது. அளவு போட்டுக் கேட்க வேண்டும். நான் பார்த்த, பலன் தந்த கோரிக்கைகள் இப்படிப்பட்டவை:

- நடைபாதையில் கம்பம், மின்பெட்டி, மரம், குப்பைத்தொட்டி எல்லாம் போக, தடையில்லாமல் நடக்கக் கிடைக்கும் அகலம் எவ்வளவு? இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க 1.8 மீட்டர் வேண்டும். வரைபடத்தில் போடும் அகலம் பெரும்பாலும் கம்பத்தையும் சேர்த்தது.
- சாய்தளத்தின் சரிவு 1-க்கு 12-ஐ விடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. அதாவது 10 செ.மீ. உயரம் ஏற 120 செ.மீ. நீளம். இந்தப் பக்கம் சாய்தளம் இருந்தால் எதிர்ப்பக்கத்திலும் நேர் எதிரே இருக்க வேண்டும்.
- பார்வையற்றோருக்கான மேடுபள்ள ஓடுகள் ஒரு கம்பத்திலோ சுவரிலோ போய் முட்டக் கூடாது. ஜப்பானில் செயிச்சி மியாகே 1965-ல் உருவாக்கி, 1967-ல் ஒகாயாமாவில் முதன்முதலாகப் பதிக்கப்பட்ட ஓடுகள் இவை. தவறாகப் பதித்தால் நேரே ஆபத்துக்குக் கூட்டிப்போகும்.
- பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய தார் போட வேண்டும். மேலே மேலே போட்டால் சாலை உயர்ந்து, மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரும்.
- மரத்தடியைச் சுற்றி சிமென்ட் பூசக் கூடாது, மண் திறந்திருக்க வேண்டும். தோண்டும்போது பெரிய வேர்களை வெட்டினால் மரம் அன்று விழாது, ஒரு புயலில் விழும்.
- முழுத் தெருவையும் ஒரே நேரத்தில் தோண்டாமல் துண்டு துண்டாக முடிக்க வேண்டும், ஒவ்வொரு துண்டுக்கும் முடியும் தேதி வேண்டும். கடைகள் பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் இந்த ஒன்றில்தான்.
- சரக்கு இறக்க இடமும் நேரமும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். தெருவோர வியாபாரிகளின் இடமும் அப்படித்தான். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால் அவர்களுக்கு இடமில்லை என்று அர்த்தம்.

கடைசியாகச் சொன்னதற்கு சியோல் நகரத்தின் சியோங்கியேச்சியோன் ஓடையைவிடப் பெரிய பாடம் இல்லை. உயர்மட்டச் சாலையை இடித்து, கீழே புதைந்திருந்த ஓடையை 2003-க்கும் 2005-க்கும் இடையில் மீட்டெடுத்தார்கள். 5.8 கிலோமீட்டர் நீளம். உலகமே புகழ்ந்த திட்டம், புகழ் நியாயமானதும்கூட. அங்கிருந்த கடைக்காரர்களோடு மாநகராட்சி ஆயிரக்கணக்கான முறை பேச்சு நடத்தியது. தெருவோர வியாபாரிகளைத் தொங்டேமுன் விளையாட்டு மைதானத்துக்கு மாற்றினார்கள். சில வருடங்களில் அந்த மைதானமும் இடிக்கப்பட்டது. அவர்கள் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. மாற்று இடம் எத்தனை வருடத்துக்கு என்று எழுத்தில் கேளுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

மறைந்த செலவு: உழைப்பு. வரைபடம் படிக்கத் தெரிந்த ஒருவர் உங்கள் பக்கம் வேண்டும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய் உட்கார வேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு. 1969-ல் ஷெரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் உள்ள ஏணியாக விவரித்தார். தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்துவது எல்லாம் அதில் நடுப் படிகள், அங்கே மக்களுக்கு அதிகாரம் எதுவும் கைமாறுவதில்லை. நீங்கள் கேட்ட பத்தில் விளக்கின் நிறமும் இருக்கையின் வடிவமும் மட்டும் ஏற்கப்பட்டு, 'மக்கள் ஆலோசனையோடு செய்த திட்டம்' என்று அறிவிப்பு வந்தால் நீங்கள் அந்த நடுப் படியிலேயே நிற்கிறீர்கள் என்று பொருள். எது ஏற்கப்பட்டது, எது மறுக்கப்பட்டது, ஏன் மறுக்கப்பட்டது என்று எழுத்தில் வாங்காமல் கூட்டத்தை முடிக்க விடாதீர்கள்.

## வழி நான்கு: சோதித்துப் பார்த்து முடிவெடுப்பது

கோபன்ஹேகனில் ஸ்ட்ரோகெட் கடைத்தெருவை 1962 நவம்பரில் கார்களுக்கு மூடியபோது அது சோதனைதான். கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். நம் குளிருக்குத் தெருவில் நடப்பதெல்லாம் ஒத்துவராது என்று பேசினார்கள். 1964-ல் அது நிரந்தரமானது, இன்று நகரத்தின் முக்கியக் கடைத்தெரு அது. நியூயார்க்கில் டைம்ஸ் சதுக்கத்தைச் சுற்றி பிராட்வேயின் ஒரு பகுதியை 2009 மே மாதம் மூடினார்கள். கல் பதிக்கவில்லை, சிற்பம் வைக்கவில்லை. தடுப்புகளை வைத்து, மடக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டார்கள், மக்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு நகர நிர்வாகம் எடுத்த கணக்கில் அந்தப் பகுதியில் நடப்பவர்கள் காயமடைவது 35 சதவீதம் குறைந்திருந்தது. 2010-ல் நிரந்தரமாக்கும் முடிவு வந்தது.

எனக்குப் பிடித்த உதாரணம் ஸ்டாக்ஹோம். நகரத்துக்குள் வரும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம். தெருச் சீரமைப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் எதிர்ப்பின் சூடு அதேதான். 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதனை. போக்குவரத்து சுமார் 20 சதவீதம் குறைந்தது. சோதனைக்கு முன் எதிர்த்தவர்களே அதிகம். சோதனை முடிந்து, கட்டணம் இல்லாத நாட்கள் திரும்பி வந்தபோது நெரிசலும் திரும்பி வந்தது. இரண்டையும் கண்ணால் பார்த்துவிட்டு அந்த செப்டம்பரில் நகர மக்கள் வாக்களித்தார்கள். பாதிக்குச் சற்று மேல் ஆதரவு. வாதத்தால் யாரும் யாரையும் மாற்றவில்லை, பார்த்ததால் மாறினார்கள்.

சோதனைக்கும் மறைந்த செலவுகள் உண்டு, ஆர்வத்தில் அவற்றை விட்டுவிடக் கூடாது. முதல் சில வாரங்கள் எப்போதும் மோசமாக இருக்கும், வழி மாறத் தெரியாமல் வண்டிகள் முட்டிக்கொள்ளும். அந்த வாரங்களிலேயே சோதனையை முடித்தால் எதிர்ப்புதான் ஜெயிக்கும். விலை குறைந்த தடுப்புகளும் பூந்தொட்டிகளும் நடைபாதையிலேயே வந்து உட்கார்ந்து, சக்கர நாற்காலிக்கு வழியை அடைக்கும். இன்னொன்று, 'சோதனை' என்ற பெயரில் பேச்சே இல்லாமல் திணிப்பது. 2020-ல் லண்டனின் பல பகுதிகளில் குடியிருப்புத் தெருக்களில் வெளி வண்டிகள் புகாதபடி தடுப்புகள் வைத்தார்கள். முதலில் வைத்துவிட்டுக் கருத்துக் கேட்கும் முறை அது. நோக்கம் நல்லது, ஆனால் காலையில் எழுந்து பார்த்தபோது தெரு அடைபட்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஈலிங் பகுதியில் 2021-ல் அவற்றில் பலவற்றை எடுத்துவிட்டார்கள். முன்பேச்சு இல்லாத சோதனையை மக்கள் திணிப்பாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, முன்கணக்கு இல்லாமல் தொடங்குவது. முன்னால் எப்படி இருந்தது என்று எழுதி வைக்காவிட்டால், பின்னால் ஆளாளுக்கு ஒரு ஞாபகம் இருக்கும். அதனால் சோதனை கேட்பவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு தெருவில் உட்கார்வது. ஒரு காலையில் ஏழரை முதல் எட்டரை வரை ஒரு வாசல்படியில் உட்கார்ந்து நான் இப்படி எண்ணினேன். நடப்பவர், சைக்கிள், இருசக்கர வண்டி, கார், சரக்கு வண்டி என்று பத்திகள். 'நடைபாதை இருந்தும் சாலையில் இறங்கி நடந்தவர்' என்று ஓரத்தில் இன்னொரு பத்தி, சும்மா ஒரு எண்ணத்தில் போட்டது. அதுதான் முதலில் நிறைந்தது. ஏன் என்று எழுந்து போய்ப் பார்த்தால், நடைபாதை நடுவில் ஒரு மின்பெட்டி, அதன் கதவு பாதி திறந்தபடி, கீழே கல் பெயர்ந்து ஒரு முழக் குழி. பிள்ளைகள் வரிசையாக வந்து, அந்த இடம் வந்ததும் பழக்கமாகச் சாலையில் இறங்கி, தாண்டியதும் ஏறிக்கொண்டார்கள். ஒரு பிள்ளைகூடக் குழியைப் பார்க்கவில்லை. கால்களுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. அந்தத் திட்ட வரைபடத்தில் புது இருக்கைகள் இருந்தன, மின்பெட்டி நகர்வதாக எங்கும் இல்லை.

## ஒரே பார்வையில்

| | ஆதரவு | எதிர்ப்பு | திருத்தம் | சோதனை |
|---|---|---|---|---|
| உயிர்ப் பாதுகாப்பு | திட்டம் வேகத்தைக் குறைத்தால் உடனடிப் பலன் | இப்போதைய ஆபத்து தொடரும் | நுணுக்கமாகக் கேட்டால் நல்ல பலன் | எண்ணிப் பார்த்து உறுதி செய்யலாம் |
| பிழைப்பு | வேலை நடக்கும் மாதங்களில் அடி | இன்றைக்குப் பாதிப்பில்லை | கட்டம் கட்டமாக வேலை நடந்தால் அடி குறையும் | தோண்டாததால் அடி குறைவு |
| வாசல் வரை வருவது | வரைபடம் எப்படியோ அப்படி | மாற்றமில்லை | இதில்தான் அதிகப் பலன் | தற்காலிகத் தடைகளைக் கண்காணிக்க வேண்டும் |
| திரும்ப மாற்றுவது | கடினம் | இடிப்பையும் வெட்டையும் தடுக்கும் | கடினம் | எளிது |
| நேரமும் உறவும் | குறைந்த செலவு | மிக அதிகம் | அதிகம் | நடுத்தரம், முன்பேச்சு இருந்தால் |

ஐந்தாவதாக ஒன்றும் இருக்கிறது, பேசாமல் இருப்பது. பாரிஸில் 2025 மார்ச்சில், இன்னும் 500 தெருக்களை நடப்பவர்களுக்கான பசுமைத் தெருக்களாக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு வென்றது, ஆனால் வாக்களிக்க வந்தவர்கள் சுமார் 4 சதவீதம்தான். வராதவர்களின் தெருக்களும் அதில் அடங்கும்.

## எந்தத் தெருவுக்கு எது

பள்ளி, மருத்துவமனை, விபத்து நடக்கும் முனை இவற்றில் குறிப்பான பாதுகாப்பு வேலை என்றால் ஆதரியுங்கள். கூடவே சாய்தளம், ஓடு பற்றிய இரண்டு வரிகளை மட்டும் சேர்த்து அனுப்புங்கள். வீடு, பெருமரம், பிழைப்பு அழியும் என்றால் எதிர்த்து நில்லுங்கள். வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல், பதிலுக்கு என்ன வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். குழாய், வடிகால் வேலை என்றால் திருத்தம், அதுவும் டெண்டர் விடுவதற்கு முன். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கேட்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூடுதல் பணம் என்று கான்ட்ராக்டர் நிற்பார், அதிகாரியும் கையை விரிப்பார்.

வண்டி நிறுத்தும் இடத்தை மாற்றுவது, தெருவை ஒருவழியாக்குவது, மூடுவது, நடைபாதையை அகலப்படுத்துவது போன்ற சர்ச்சைகளுக்குச் சோதனை. குறைந்தது மூன்று மாதமாவது வேண்டும், பள்ளி நாளும் விடுமுறையும் அதில் வர வேண்டும். எதை எண்ணப் போகிறோம், எந்த எண் வந்தால் தொடரும், எந்த எண் வந்தால் எடுத்துவிடுவார்கள் என்பதை மாநகராட்சியும் தெருக்காரர்களும் தொடங்குமுன்பே எழுதிக்கொள்ள வேண்டும். பக்கத்துத் தெருவையும் சேர்த்து எண்ணுங்கள், உங்கள் நெரிசல் அங்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆதரிப்பவர் ஒருவரும் எதிர்ப்பவர் ஒருவரும் ஒரே படியில் உட்கார்ந்து ஒரே தாளில் எண்ணட்டும், அப்போதுதான் அந்த எண்ணை இரண்டு தரப்பும் நம்பும். மழை பெய்த நாளைத் தாளில் தனியாகக் குறித்து வையுங்கள். தண்ணீர் எந்த வாசலில் தேங்கி நிற்கிறது என்பதையும்.